அவிட்டம் பிறந்த நேரம்

ராமையாவுக்கு எதையும் சும்மா விட முடியாது. தொலைபேசி இலாகாவில் கம்பம் ஏறி இறங்கியே ஓய்வு பெற்ற மனிதர். மைக்ரோவேவுக்குள் தட்டு ஏன் சுற்றுகிறது, மேலே எறிந்த கல் விழும்போது நிலா மட்டும் ஏன் விழவில்லை என்று யாரையாவது பிடித்துவைத்துக் கேட்பார். அவர் வருவதைப் பார்த்தாலே அவசர வேலை ஞாபகம் வந்து நழுவிவிடுகிறவர்கள் உண்டு. நழுவ வழியில்லாமல் கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தவள் மனைவி வீரம்மா ஒருத்திதான்.

அந்த வீரம்மா போய் மூன்று மாதம் ஆகிறது. மலேசியாவின் ஈப்போவில், புந்தோங் பகுதி வீட்டில், சாயங்காலம் நாலு மணி தாண்டி தேத்தண்ணி கலக்க எழுந்தவள் அடுப்படியிலேயே சாய்ந்துவிட்டாள். டாக்டர் வந்து பார்க்கும்போது எல்லாம் முடிந்திருந்தது.

சித்தியவானிலிருந்து மகன் தனேஸ்வரன் ஓடிவந்தான். கண்ணைத் துடைத்த கையோடு போனில் பஞ்சாங்கத்தைத் திறந்தான். இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குப் பஞ்சாங்கமும் போனுக்குள்தான் இருக்கிறது. திருவோணம் மூன்று மணி வரை, பிறகு அவிட்டம் என்று அது சொன்னது. அம்மா போனது நாலுக்கு மேல். அவிட்டத்தில் உயிர் போனால் வீட்டை ஆறு மாதம் அடைத்துப் போட வேண்டும், உள்ளே ஆள் புழங்கினால் இன்னொரு உயிரையும் கூட்டிக்கொண்டு போய்விடும் என்பது ரப்பர் தோட்டத்துக் காலத்திலிருந்து அந்தக் குடும்பத்தோடு வந்த பயம். கோயில் பூசாரியும் அவன் சொன்ன நட்சத்திரத்தைக் கேட்டுவிட்டு, ஆமாம், அடைக்கத்தான் வேண்டும் என்றார்.

ராமையா குதித்தார்.

"நட்சத்திரம் அது பாட்டுக்கு எங்கியோ எரிஞ்சுகிட்டு இருக்குடா. அதுக்கு புந்தோங் எங்க இருக்கு, உங்கம்மா யாருன்னு தெரியுமா? அந்தப் போனை என் மூஞ்சிக்கு நேரா நீட்டாத!"

"அப்பா, கலா மாசமா இருக்காப்பா" என்று மட்டும்தான் தனேஸ்வரன் சொன்னான்.

மருமகள் கலாதேவிக்கு ஏற்கெனவே இரண்டு தடவை கலைந்திருக்கிறது. அதற்குமேல் ராமையா என்ன பேசுவார்? காரியம் முடிந்ததும் மகன் வீட்டைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு அவரைக் காரில் ஏற்றினான்.

சித்தியவான் வீட்டில் அவருக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. வேளைக்குச் சோறு, தனி அறை, காற்றாடி. ஆனால் கண் ஏமாற்ற ஆரம்பித்திருந்தது. நேரே பார்த்தால் தெரிகிறது, பக்கவாட்டில் இருட்டு. அந்த இருட்டு ஓரத்திலிருந்து நடுவை நோக்கி வந்துகொண்டிருந்தது. கடைக்குப் போகிறேன் என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கண் டாக்டரிடம் போனார். நரம்பு போய்விட்டது, இருக்கிற பார்வையும் ரொம்ப நாளைக்குத் தாங்காது, இரண்டு மாதம் நின்றாலே பெரிய விஷயம் என்றார் அவர். மாசமாக இருக்கும் பெண்ணைப் பயமுறுத்துவானேன் என்று ராமையா வீட்டில் மூச்சு விடவில்லை.

அன்றிலிருந்து அவருக்கு ஒரே ஆசைதான். வீரம்மா போட்டது போட்டபடி விட்டுப்போன அந்த வீட்டைக் கண் இருக்கும்போதே ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். கொடியில் கிடக்கும் அவள் துண்டு, அடுப்புப் பக்கத்தில் எடுத்துவைத்த இரண்டு கோப்பை, எல்லாம் அப்படியே இருக்கும். கதவைத் திறந்து எட்டிப் பார்த்துவிட்டாவது வருகிறேன் என்று கெஞ்சியும் மகன் மசியவில்லை.

ஒரு நாள் மத்தியானம் கார் நிறுத்தும் இடத்தில் நின்று தூணின் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தார். கலாதேவி சாப்பிடக் கூப்பிட வந்தாள்.

"மணி ஒன்னே கால் ஆச்சு மாமா. அந்தத் தூண்ல அப்படி என்ன இருக்கு?"

"இப்பதான்மா நமக்கு உச்சி. பன்னெண்டு மணிக்கு இல்ல."

"அது ஏன்?"

யாராவது ஏன் என்று கேட்டு எத்தனை நாளாயிற்று. ராமையாவுக்கு உயிர் வந்துவிட்டது. "நம்ம கடிகாரம் ஓடுறது நம்ம சூரியனுக்கு இல்லம்மா. கிழக்க, கடல் தாண்டி சபாவுக்கும் அந்தாண்ட இருக்கிற ஊரு நேரத்தை நாம கட்டிக்கிட்டு இருக்கோம். அதான் இங்க ஏழு தாண்டி விடியுது."

"ஆனா போன்ல ஆறு மணிக்கே உதயம்னு போட்டிருக்கே மாமா. நல்ல நேரம் பார்க்கிறப்ப தினம் பார்க்கிறேன்லா."

"ஆறு மணிக்கு எந்த ஊருல விடியுது? கொண்டா பார்க்கலாம்."

கணவன் ஏற்றிக் கொடுத்த அதே பஞ்சாங்கம்தான் அவள் போனிலும் இருந்தது. ராமையா அதை மூக்கோடு ஒட்டிவைத்துத் தேடினார். மேலே பொடி எழுத்தில் சென்னை என்று இருந்தது.

"எங்க இருக்கீங்கன்னு கேட்கும் மாமா. சொல்லக் கூடாதுன்னு அவர்தான் சொன்னார். ஸ்கேம் பண்றவனுங்க வீட்டைக் கண்டுபிடிச்சிடுவானுங்களாம். அவர் போன்லயும் அப்படித்தான் வச்சிருக்கார்."

எங்கே இருக்கிறோம் என்று சொல்லாவிட்டால் அது சென்னையிலேயே உட்கார்ந்துகொள்ளும். அது காட்டும் மூன்று மணி இந்தியாவின் மூன்று மணி. ஈப்போவில் அப்போது ஐந்தரை. வீரம்மா போனது நாலு சொச்சத்தில். அவள் திருவோணத்திலேயே போய்விட்டாள். திருவோணத்துக்கு அடைப்பே கிடையாது.

ராமையா படியில் உட்கார்ந்துவிட்டார். முதலில் வந்தது சந்தோஷம்தான், வீட்டுக்குப் போகலாம் என்கிற சந்தோஷம். அடுத்த நிமிஷமே தன்மேல் அப்படி ஒரு ஆத்திரம் வந்தது. ஊரில் இருக்கிற அத்தனையையும் ஏன் ஏன் என்று குடைகிற மனிதர், அன்றைக்கு அந்தப் போனை வாங்கி ஒரு தடவை பார்த்திருக்கலாமே. நம்பாத விஷயத்துக்குக் கணக்கு எதற்கு என்ற திமிர். அந்தத் திமிருக்கு மூன்று மாதப் பார்வையைக் கொடுத்தாகிவிட்டது.

சாயங்காலம் மகன் வந்ததும் எல்லாவற்றையும் சொன்னார். தனேஸ்வரன் போனில் ஊரை மாற்றி, அம்மா போன தேதியைத் தட்டினான். திருவோணம் ஐந்தரை வரை என்று காட்டியது. அவன் முகம் செத்துப்போயிற்று. வெளியே போய்ப் பூசாரியிடம் பேசிவிட்டு மெதுவாகத் திரும்பி வந்தான்.

"கணக்கு சரியாத்தான் இருக்கும்ங்கிறார். ஆனா அடைச்ச வீட்டைப் பாதியில திறக்காதீங்க, புள்ளத்தாச்சி இருக்கிற குடும்பம்னார்."

"அடைச்சதே தப்புடா. இதுல பாதி என்ன, முழுசு என்ன?"

"உங்களுக்கு இதுல பயம் இல்லப்பா. பயம் இல்லாதவர் திறன்னு சொல்லி நான் எப்படித் திறப்பேன்? நாளைக்குக் கலாவுக்கு ஒன்னுன்னா?"

ராமையா மருமகளைத் தேடினார். அவள் சமையலறை வாசலில் வயிற்றில் கைவைத்து நின்றாள். தலையைக் குனிந்துகொண்டாள்.

"நானும் நம்புறேன்டா தம்பி" என்றார் ராமையா. வாழ்நாளில் சொல்லாத வார்த்தை. "நெசமாவே அவிட்டம்னா நானே திறக்க விடமாட்டேன். திறடா."

"அப்பா, பொய் சொல்லாதீங்கப்பா." தனேஸ்வரன் அவர் கையைப் பிடித்துக்கொண்டான். "உங்களுக்கு அது வரல. இன்னும் மூனு மாசம்தானே, கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்."

மூன்று மாதத்தில் எனக்குக் கண்ணே இருக்காதுடா என்று சொல்ல வாயெடுத்தார். சொன்னால் மகன் நிச்சயம் கேட்பான், எப்போதிலிருந்து என்று. அம்மா போனதிலிருந்து என்றுதான் சொல்ல வேண்டும். அப்புறம் இந்த வீட்டில் யாருக்கும் சந்தேகமே இருக்காது. அவிட்டம் வேலையைக் காட்டிவிட்டது என்பார்கள். அந்தக் கதவை ஒரு நாளும் திறக்க மாட்டார்கள்.

"சரிப்பா" என்றார் ராமையா. சுவரைத் தடவிக்கொண்டு அறைக்குப் போனார்.