புதன்கிழமை விமர்சனம்

மெத்தைக் கடையின் பேஸ்மெண்டில் சனிக்கிழமை சாயங்காலக் கச்சேரியில் என்ன வாசிக்கப்போகிறார்களோ, அது புதன்கிழமை சாயங்காலமே அங்கே கேட்டுவிடும். ஆறரை மணிக்குத் தொடங்கி எட்டு மணிக்கு முடியும். ஆட்கள் இருக்க மாட்டார்கள், சத்தம் மட்டும் இருக்கும். கிதார், டிரம்ஸ், மைக் கிறீச்சிடுவது, கைதட்டல், பின்வரிசையில் யாரோ தும்முவது, பிளக் பாயிண்டுக்காக நடக்கும் சண்டை என்று ஒன்றுவிடாமல் வரும். முதலில் இதைக் கவனித்தவர் கடைக்காரர். விற்காத மெத்தை ஒன்றில் கண்ணயர்ந்திருந்தவர், கீழே கலாட்டா கேட்டு விளக்குமாற்றோடு இறங்கிப் போனார். யாரும் இல்லை என்றதும் திரும்பி வந்து மிச்சத் தூக்கத்தைத் தூங்கினார். பிறகு ஒலிப் பொறியாளர் ஒருவர் இரண்டு பெட்டி நிறையக் கருவிகளோடு வந்து மூன்று வாரம் அளந்தார். காரணம் பிடிபடவில்லை. போகும்போது முதுகுவலிக்கு நல்லது என்று ஒரு தேங்காய் நார் மெத்தை வாங்கிக்கொண்டு போனார்.

அண்டர்கிரவுண்ட் இசை என்று வெளியே பெரிய பெரிய அர்த்தமெல்லாம் சொல்கிறார்கள். இங்கே பதினான்கு படி இறங்க வேண்டும், அவ்வளவுதான். வாடிக்கையாளர்கள் திருப்பிக் கொடுத்த மெத்தைகளைச் சுவர் முழுக்கச் சாத்தி வைத்திருந்ததால் சத்தம் தெருவுக்கு வராது. எண்பது பேர் நிற்கலாம், மூச்சை இழுத்துக்கொண்டால் தொண்ணூறு. 'ஈர சாக்ஸ்', 'மூன்றாம் மாடி லிஃப்ட்', 'மன்னிக்கவும் ராங் நம்பர்' போன்ற குழுக்கள் அங்கேதான் பிறந்தன, சில அங்கேயே சண்டை போட்டுப் பிரிந்தன. இவர்கள் எல்லோருக்கும் சேர்த்து 'இரைச்சல்' என்று ஒரு ஜெராக்ஸ் பத்திரிகை இருந்தது. ஒரே தாளை எட்டாக மடித்து, நடுவில் ஒரு வெட்டு வெட்டினால் எட்டுப் பக்கம் வந்துவிடும். பின் அடிக்கக்கூட வேண்டாம். பிரித்துப் போட்டால் பின்பக்கம் முழுத்தாளும் போஸ்டர். அதை நடத்தியவள் பல்செட் செய்யும் லேபில் வேலை பார்த்தவள். பகலெல்லாம் யாருடைய வாய்க்கோ பல் வரிசை பார்த்துக் கட்டுகிறவளுக்குக் கத்தரிக்கோலும் பசையும் பழகின கை. முதல் இதழிலிருந்தே எல்லோரும் அவளை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், அவளைவிட மூத்தவர்கள் உட்பட.

அக்காவின் பத்திரிகையில் நாலாம், ஐந்தாம் பக்கங்கள் விமர்சனத்துக்கு. புதன்கிழமை சாயங்காலம் பென்சிலோடு இறங்கி, கவிழ்த்த வாளி மேல் உட்கார்ந்து கேட்பாள். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் எழுதி ஒட்டி முடிப்பாள். வியாழக்கிழமை காலையில் நூற்றிருபது பிரதிகள் கடைகளுக்குப் போய்விடும். ஆகவே நடக்காத கச்சேரிக்கு விமர்சனம் எழுதிய ஒரே பத்திரிகை உலகத்திலேயே அதுவாகத்தான் இருக்கும். ஆரம்பத்தில் கச்சேரி வாசிக்கிறவர்கள் அதை ஏமாற்றப் பார்த்தார்கள். மூன்றாவது பாட்டில் இரண்டு கம்பி அறுந்துபோகும் என்று படித்த கிதார்காரன் ஆறு கம்பியையும் புதிதாக மாட்டிக்கொண்டு வந்தான், மூன்றாவது பாட்டில் இரண்டு அறுந்தன. பத்து நிமிடம் தாமதமாக வருவான் என்று எழுதப்பட்ட டிரம்ஸ்காரன், பார்சல் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையில் இருந்ததால் பார்சல் என்றே பெயர் வாங்கியவன், ஒரு மணி நேரம் முன்பே வந்து வாசலில் நின்று பெருமையாகச் சிரித்துக்கொண்டிருந்தான். குச்சிகளை வீட்டிலேயே மறந்துவிட்டதால் திரும்ப ஓடினான். இரண்டு வருஷத்தில் எல்லோருக்கும் பழகிவிட்டது. விமர்சனம் படித்த பிறகு கூட்டம் குறையும் என்று பயந்தார்கள், அதுவும் இல்லை. படிப்பது வேறு, காதில் விழுவது வேறு.

அக்காவுக்கு ஒரே கொள்கைதான். கேட்டதை எழுதுவாள், கேட்காததை எழுத மாட்டாள். சொந்தக்காரர், வேண்டியவர் என்று பார்க்க மாட்டாள். இதில் மாட்டிக்கொண்டவள் அவளுடைய கூடப் பிறந்த தங்கை.

தங்கை பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளர். கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, எந்த வண்டி எந்த நடைமேடையில் நிற்கிறது என்று ஒரு நாளைக்கு நானூறு தடவை சொல்வாள். அந்தக் குரலைக் கேட்காத ஆள் ஊரில் கிடையாது, முகத்தைப் பார்த்தவர்கள் கொஞ்சம் பேர்தான். குளியலறையில் அவள் பாடினால் அடுத்த வீட்டில் குழாயை மூடிவிட்டுக் கேட்பார்கள். ஈர சாக்ஸ் குழுவுக்குப் பாட ஆள் தேவைப்பட்டபோது பார்சல்தான் அவளைக் கூட்டிக்கொண்டு வந்தான். ஒத்திகையில் பிரமாதமாகப் பாடினாள். கூட்டத்துக்கு முன்னால் நிற்கும்போது மட்டும் தொண்டை பூட்டிக்கொண்டது. மூன்று தடவை மேடை ஏறினாள், மூன்று தடவையும் ஓடிப்போனாள். ஒவ்வொரு தடவையும் வியாழக்கிழமையே அது பத்திரிகையில் வந்துவிட்டது. 'இரண்டு நிமிடம் முன்னிசை. பிறகு படியில் செருப்புச் சத்தம்.' அக்கா அதற்கு மேலும் எழுதவில்லை, கீழும் எழுதவில்லை.

மூன்றாவது தடவைக்குப் பிறகு வீட்டில் பெரிய சண்டை நடந்தது.

"நீ எழுதினதாலதான் நான் ஓடினேன்" என்றாள் தங்கை.

"நீ ஓடினதாலதான்டி நான் எழுதினேன்" என்றாள் அக்கா.

இரண்டு பேரும் சொன்னது சரிதான். அதனாலேயே சண்டை ஓயவில்லை. இரண்டு மாதம் சாப்பாட்டு மேஜையில் உப்பைக்கூடக் கேட்டு வாங்காமல் எழுந்து போய் எடுத்துக்கொண்டார்கள். கடைசியில் தங்கைதான் பேசினாள். தூரத்து ஊரில் புதிதாகத் திறந்த பெரிய பேருந்து நிலையத்துக்கு அவளை மாற்றக் கேட்டிருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும். சனிக்கிழமை இன்னொரு தடவை முயன்று பார்ப்பாள். பாடிவிட்டால் இங்கேயே இருப்பாள். ஓடினால் பாட்டை மறந்துவிட்டு அந்த ஊருக்கே போய்விடுவாள். அக்கா சரி என்று மட்டும் சொன்னாள். தங்கை போய்விட்டால் அந்த வீட்டில் தனக்கு ஒரு நாளும் ஓடாது என்பது அவளுக்குத் தெரியும். அதைச் சொல்ல வாய் வரவில்லை.

அந்தப் புதன்கிழமை ஆறரை மணிக்கு அக்கா வாளி மேல் உட்கார்ந்தாள். எதுவும் கேட்கவில்லை. ஆறே முக்காலுக்கும் கேட்கவில்லை. கூட்டத்தின் பேச்சு இல்லை, மைக்கின் உறுமல் இல்லை, ஒரு தும்மல் இல்லை. எட்டு வருஷத்தில் அப்படி ஆனதே கிடையாது. காதைக் குடைந்து பார்த்தாள். மெத்தைகளில் காதை வைத்துப் பார்த்தாள். எட்டு மணிக்குக் கடைக்காரர் படியில் தலையை நீட்டி, "என்னம்மா, இன்னிக்கு ஒருத்தரும் வரலையா?" என்றார். அவள் தலையை ஆட்டினாள். எழுந்தபோது பென்சில் எங்கோ உருண்டுபோய்விட்டது. அதைத் தேடக்கூட இல்லை.

வீட்டு வாசலிலேயே தங்கை நின்றுகொண்டிருந்தாள்.

"பாடினேனா?"

பொய் சொல்லலாம். அக்கா வழியெல்லாம் அதைத்தான் யோசித்துக்கொண்டு வந்திருந்தாள், மூன்று நல்ல பொய்கள் தயாராகவும் இருந்தன. வாயைத் திறந்தபோது உண்மைதான் வந்தது.

"ஒண்ணுமே கேக்கலடி. பாட்டும் இல்ல, ஆளும் இல்ல. செருப்புச் சத்தம்கூட இல்ல."

"செருப்புச் சத்தம் இல்லையா? அப்ப நான் ஓடல!" என்று தங்கை கத்தினாள். அக்காவின் கையைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினாள். அப்படியும் அர்த்தம் எடுத்துக்கொள்ளலாம் என்று அக்காவுக்குத் தோன்றியிருக்கவில்லை. எல்லாம் இடிந்து போகும், தீப்பிடிக்கும், ஊரையே காலி செய்வார்கள் என்றெல்லாம்தான் அவளுக்குத் தோன்றியிருந்தது. தங்கை அன்று இரண்டு தட்டுச் சாப்பிட்டாள்.

பத்திரிகையில் நாலாம், ஐந்தாம் பக்கங்கள் வெறுமையாகப் போயின. தேதி மட்டும் மேலே இருந்தது. 'இந்த வாரம் எதுவும் கேட்கவில்லை' என்று ஒரு வரி போட்டிருந்தால் எல்லாம் வேறு மாதிரி ஆகியிருக்கும். ஆனால் எட்டு வருஷமாகக் கேட்டதை மட்டும் எழுதியவளுக்கு, கேட்காததையும் ஒரு வரியில் எழுதலாம் என்று தோன்றவே இல்லை. அவளை மாதிரி ஆள்தான் அந்தத் தப்பைச் செய்ய முடியும். ஜெராக்ஸ் கடைப் பெண் முதல் பிரதியை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, "நடுவுல ரெண்டு பக்கம் விழல. மெஷின்தான் கோளாறுன்னு அப்புறம் என் தலையில கட்டாதீங்க" என்றாள். "அது அப்படித்தான்" என்று அக்கா சொன்னதும், அந்தப் பெண்ணுக்கு முகம் வாடிவிட்டது. அவளும் சனிக்கிழமை தவறாமல் வருகிறவள்.

வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் ஊருக்கே விஷயம் தெரிந்துவிட்டது. வெள்ளைப் பக்கம் என்றால் கச்சேரி இல்லை என்றார்கள் சிலர். கடையை இடிக்கப்போகிறார்கள் என்றார்கள் வேறு சிலர். எப்படிப் பார்த்தாலும் இதுதான் கடைசி என்று முடிவாகிவிட்டது. கடைக்காரரையே நிறுத்தி, "அடுத்து என்ன செய்யப்போறீங்க?" என்று துக்கம் விசாரித்தார்கள். அவர் பயந்துபோய் வீட்டுக்குச் சென்று பத்திரங்களை எடுத்துப் பார்த்துக்கொண்டார். கடைசி என்றால் நம் ஜனங்கள் சும்மா இருப்பார்களா? எட்டு வருஷத்தில் அந்தப் பதினான்கு படியில் ஒரு தடவையாவது இறங்கியவர்கள் எல்லோரும் கிளம்பினார்கள். அங்கே பார்த்துப் பழகிக் கல்யாணம் செய்துகொண்டவர்கள் குழந்தைகளோடு வந்தார்கள். இன்சூரன்ஸ் ஆபீசராகிவிட்ட பழைய டிரம்ஸ்காரர்கள் பின்பாக்கெட்டில் குச்சியோடு வந்தார்கள். ஒரு காலத்தில் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளப்பட்டவர்களும் கோபத்தை மறந்து வந்தார்கள். சனிக்கிழமை ஐந்து மணிக்கே தெருவில் அறுநூறு பேர் நின்றார்கள்.

கடைக்காரர் படி வாசலில் குறுக்கே கையை விரித்து நின்றார். "ஒருத்தரும் இறங்கக் கூடாது. படியில உருண்டு யாராவது காலை ஒடிச்சுக்கிட்டா நான்தான் ஓடணும்." எண்பது பேரை மட்டும் விடலாம் என்று யாரோ சொன்னார்கள், அந்த எண்பது பேர் யார் என்பதில் தகராறு வந்தது. அப்போது பார்சல்தான் டிரம்ஸைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு படியேறி வந்தான். ஒரு சுமை கொடுத்தால் எங்கேயாவது கொண்டுபோய் இறக்குவது அவனுக்குத் தொழில் பழக்கம். பின்னாலேயே ஆம்ப்ளிஃபயர்கள் கை மாறி மாறி வந்தன. கடையிலிருந்து மூன்று வயரை ஒன்றோடொன்று சொருகி மின்சாரம் கொண்டுவந்தார்கள். குழந்தைகள் உட்காரட்டும் என்று சுவரில் சாத்தியிருந்த மெத்தைகளைப் பிய்த்துக்கொண்டுவந்து தெருவில் விரித்தார்கள். ஐந்தாறு மெத்தையை அடுக்கியதில் மேடையும் வந்துவிட்டது. ஆறரை மணிக்கு பேஸ்மெண்டில் ஒரு வாளியைத் தவிர வேறெதுவும் இல்லை. அக்கா வெறும் படிக்கட்டைத் திரும்பிப் பார்த்தாள். புதன்கிழமை தான் கேட்ட அமைதி இதுதான் என்று அப்போதுதான் அவளுக்கு விளங்கியது. அடக்க முடியாமல் சிரித்தாள், பக்கத்தில் நின்றவர்கள் பாவம், அதிர்ச்சியில் இப்படி ஆகிவிட்டாள் என்று நினைத்தார்கள்.

தங்கை மெத்தை மேடையில் ஏறினாள். முட்டிவரை அமுங்கியது. கூட்டத்தைப் பார்த்ததும் முகம் வெளுத்தது. எண்பது பேருக்கே பூட்டிக்கொண்ட தொண்டை அது. நடுத்தெருவில் மாட்டிக்கொண்ட பேருந்து ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டிருந்தது. முன்னிசை தொடங்கிவிட்டது, ஒரு நிமிடம் போய்விட்டது. அவள் மைக்கைக் கையால் மூடிக்கொண்டு மேடையோரம் நின்ற அக்காவிடம் குனிந்தாள்.

"அக்கா, என்ன ஆகும்?"

"எனக்கு எப்படிடி தெரியும்!"

தங்கை அதைக் கேட்டு முழித்தாள். பிறகு அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தன்னைப் பற்றி எங்கேயும் எதுவும் எழுதப்படாத ஒரு சனிக்கிழமை அது. சிரித்த வாயோடு நிமிர்ந்து, பழக்க தோஷத்தில், "பயணிகள் கவனத்திற்கு" என்றாள். மாட்டிக்கொண்ட பேருந்திலிருந்து ஐம்பது பேர் ஒரே நேரத்தில், "ஏய், நம்ம நடைமேடைப் பொண்ணு!" என்று கூவினார்கள். ஓட்டுநர் ஹாரனை நிறுத்திவிட்டு இன்ஜினையும் அணைத்தார். தங்கை பாடினாள். முதல் வரி நடுங்கியது. இரண்டாவது வரி நிமிர்ந்து நின்றது. அதற்கப்புறம் ஒன்பது பாட்டு. அக்கா எழுதுவதற்கு ஒன்றுமில்லாமல், கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் நின்றாள். எட்டு வருஷத்தில் ஒரு பாட்டு எப்படி முடியும் என்று தெரியாமல் அவள் கேட்டது அன்றைக்குத்தான். ஒவ்வொரு முடிவுக்கும் திடுக்கிட்டாள். கடைசிப் பாட்டில் அழுதாள், மூக்கைச் சிந்திக்கொண்டு இன்னொன்று பாடச் சொல்லிக் கத்தினாள்.

திங்கட்கிழமை காலையில் தங்கை மாற்றல் கடிதத்தில் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்தாள். மெத்தைகள் திரும்பச் சுவரேறின. இரண்டைக் காணவில்லை, யாரோ நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கிறார்கள். புதன்கிழமை ஆறரை மணிக்கு அக்கா புதுப் பென்சிலோடு கீழே இறங்கினாள். மைக் கிறீச்சிட்டது, யாரோ தும்மினார்கள், பிளக் பாயிண்டுக்குச் சண்டை நடந்தது, பிறகு ஆளில்லாத இருட்டிலிருந்து தங்கையின் குரல் எழுந்தது. அவள் கேட்டாள், கேட்டதை எழுதினாள். வியாழக்கிழமை பகல் பேருந்து நிலையத்துக்கு ஒரு பிரதி போய்ச் சேர்ந்தது. தங்கை கூண்டுக்குள் அதை மடிப்பு மடிப்பாகப் பிரித்து நாலாம் பக்கத்தை வாசித்தாள். 'பாடகி நன்றாகப் பாடினார். மூன்றாவது பாட்டில் சுருதி இறங்கிவிட்டது.'

"இறங்கினா இறங்கட்டும்" என்று சொல்லிவிட்டு, மைக்கை ஆன் செய்து, ஆறாவது நடைமேடை வண்டி கிளம்பத் தயாராக இருப்பதாக அறிவித்தாள்.