நகத்தளவு மிச்சம்

இந்த விரல்கள் அவனைத் தொட்டிருக்கின்றன. போன மாதம்கூடத் தொட்டிருக்கும். எனக்குக் கிடைக்காதது இவளுக்குக் கிடைத்திருக்கிறது.

காப்பி டம்ளரை வாங்கிய அன்புமொழியின் கையையே செல்வராணி பார்த்துக்கொண்டிருந்தாள். சென்னையில் ஓர் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து வல்லத்திராக்கோட்டைக்கு வந்திருந்தாள் அந்த டாக்டர் பெண்.

மகன் நிலவழகன் இருபது வயதில் வலிப்பு வந்து இறந்தான். நோய் என்னவென்றாவது தெரியட்டும் என்று, மூளையில் ஒரு துண்டை, கெடாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்தில் வைத்துக்கொள்ளச் சம்மதித்தவர் அவள் கணவர் ராசு. மீமிசல் கடலில் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்த பிறகுதான் அவளிடம் சொன்னார். அன்று சண்டை போட்டாள். பிறகு அந்தத் துண்டே அவளுக்கு ஆதரவாகிவிட்டது. அமாவாசைக்கு அவனுக்கு அவள் படைப்பதில்லை. முழுக்கப் போகாதவனுக்கு எப்படிப் படைப்பது?

"ரெண்டு தடவ எடுத்துப் பாத்தோம்மா. ஃபார்மலின்ல கெடந்ததால டிஎன்ஏ பொடிப்பொடியா ஒடஞ்சிருக்கு. அம்மாகிட்டருந்து மட்டும் புள்ளைக்குப் போற டிஎன்ஏன்னு ஒரு வகை இருக்கு. அதுலதான் கோளாறுன்னு நெனைக்கிறோம். இன்னும் நகத்தளவு இருக்கு. அதையும் அரைச்சுப் பாக்கணும். அப்பா சரின்னுட்டாரு. நீங்களும் சொல்லணும்."

அரைச்சு. அந்தச் சொல்லைத் தாண்டி அவளால் நகர முடியவில்லை.

"அப்பறம் மிச்சம் இருக்குமா?"

"இருக்காதும்மா."

"எங்கிட்டருந்து போனதுதான? என் ரத்தத்த எடுத்துக்கங்க."

"எடுப்போம்மா. ஆனா ரத்தத்துல தெரியாமப் போகலாம்."

'ஆத்தாவ உரிச்சு வச்சிருக்கான்' என்று ஊர் சொன்னபோதெல்லாம் பூரித்தவள் அவள். மூக்கோடும் கண்ணோடும் இதையும் கொடுத்திருக்கிறாள். தெரிந்தால் தெரியட்டும். அதற்கு அவள் பயப்படவில்லை.

"இவ இப்புடித்தாங்க, கேட்டுக்கிட்டே இருப்பா. புள்ளைய பஸ் ஏத்திவிட்டாலும் சன்னல் வழியா நாலு கேள்வி கேட்டுத்தான் விடுவா" என்று ராசு சிரிக்கப் பார்த்தார். சிரிப்பு பாதியில் நின்றது. "கரையட்டும் ராணி. அமாவாசைக்கு அமாவாசை நாந்தான் ஒத்தையா எலையப் போட்டுட்டு ஒக்காந்திருக்கேன். காக்கா கிட்டக்கூட வரமாட்டேங்குது. முழுசாப் போகட்டும் அவன்."

அவர் முகத்தை அவளால் பார்க்க முடியவில்லை. கையெழுத்துக்காக அன்புமொழி பேனாவோடு நீட்டியிருந்த சம்மதத் தாளைப் பார்த்தாள்.

"டாக்டரம்மா, அந்தத் தண்ணிய அப்பப்ப மாத்துவீங்களா?"

"மாத்துவோம்மா."

"மாத்துங்க."

இடது கையை ரத்தம் எடுக்க வாகாக நீட்டி வைத்தாள். மற்றக் கையால் பேனாவை மூடி, கையெழுத்திடாத தாளோடு சேர்த்து அன்புமொழியின் பக்கம் மெல்ல நகர்த்தினாள்.

"அது அங்கயே இருக்கட்டும்மா."