சைலஸ் பெயர் போட்ட பெட்டிகள்

டோர்கஸ் கையுறையை மாட்டிக்கொண்டு கொட்டகைக்குக் கிளம்பிவிட்டாள். நெரிடா அத்தை வாசலில் கையை நீட்டி மறித்தாள்.

"உக்காருடி. செத்தவரோட ரத்தம் இன்னிக்கி ஒரு வேலையும் தொடக் கூடாது."

அப்பா சைலஸ் விடியற்காலையில் கொட்டகையில் சிங்கித் தொட்டிக்கரையிலேயே சாய்ந்துவிட்டார். நர்ஸ் ஓடி வருவதற்குள் எல்லாம் முடிந்திருந்தது. சாய்வதற்கு முன் ஒரு காரியம் செய்திருந்தார், அதுதான் இப்போது வம்பு. சிங்கி இறால் அத்தனையையும் குளிர்ந்த கடல்நீரில் இறக்கி மயங்க வைத்திருந்தார். மயங்கிய சிங்கியைப் பெட்டியில் அடுக்கி அன்றைய விமானத்தில் ஏற்றியே ஆக வேண்டும். திரும்பத் தொட்டியில் விட்டால் பாதி பிழைக்காது.

பாடு என்ற அந்தத் தீவில் பிடிபடும் சிங்கியெல்லாம் தரகர் பெயரில்தான் கெய்ன்ஸ் நகரத்துக்குப் போகும். இந்த முறைதான் சைலஸ் தன் பெயர் அச்சடித்த பெட்டிகளில் தானே அனுப்புகிறார். உயிரோடு வந்து சேர்ந்தால் வாராவாரம் வாங்கிக்கொள்வதாகக் கெய்ன்ஸ் வியாபாரி சொல்லியிருந்தார். செத்துப்போய்ச் சேர்ந்தால், தானே அனுப்பப்போகிறாராம் என்று படகுத்துறையில் சிரித்தவர்கள் வாய்க்கு அவல் கிடைத்த மாதிரி. அப்பா போன அன்றே அவர் பெயரும் போவதை டோர்கஸால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

ஆனால் தீவு வழக்கம் தீவு வழக்கம்தான். சாவு வீட்டில் சொந்த ரத்தம் பாயில் உட்கார்ந்து அழ வேண்டும். குழி வெட்டுவது, சமைப்பது, வந்தவர்களைக் கவனிப்பது எல்லாம் கல்யாணம் கட்டி வந்த உறவுக்காரர்கள் பொறுப்பு. அவர்களை மாரிகெத் என்பார்கள். அத்தை மகள்களைக் கட்டியவர்கள் குழி வேலைக்குப் போய்விட, அந்த வீட்டுக்குள் அப்படி மிஞ்சியது ஒரே ஆள், டோர்கஸின் கணவன் ஏனோக்.

ஏனோக் மேர் தீவுக்காரன். அங்கே மண் நல்ல செழிப்பு, மனிதர்கள் பரம்பரைத் தோட்டக்காரர்கள். சைலஸ் அவனை ஒருநாளும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, 'கிழங்கு' என்பார். கல்யாணமான புதிதில், உதவுகிறேன் பேர்வழி என்று வீட்டு ஐஸ்கட்டியை அள்ளிப் பெட்டிக்குள் கொட்டினான். ஐஸ் உருகினால் நல்ல தண்ணீர். நல்ல தண்ணீரில் ஊறிய சிங்கி பிழைக்குமா? பெட்டி முழுக்கப் பிணம். அன்றோடு மாமனார் கொட்டகைக் கதவைச் சாத்திவிட்டார்.

"நான் அடுக்குறேன் அத்தை" என்றான் ஏனோக்.

டோர்கஸ் கையுறையைக் கழற்றவில்லை. சன்னலில் இருந்து தான் சொல்லச் சொல்லச் செய்யட்டும் என்றாள். அத்தை அதற்கும் ஒப்பவில்லை.

"வாயால செய்றதும் வேலைதான். பேசாம அழு."

அழுகை எங்கே வந்தது? சன்னல் வழியே கொட்டகையைக் கண் கொட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஏனோக் ஒவ்வொரு சிங்கியையும் இரண்டு கையாலும் ஏந்தி எடுத்தான். வாலை மடக்கி, நீளக் கொம்புகள் ஒடியாமல் பின்னால் சாய்த்து, பெட்டிக்குள் மெத்தைபோலப் பரப்பிய ஈர மரச்சுருளில் படுக்க வைத்தான். முளைவிட்ட கிழங்கை நட எடுத்துப்போகும்போது இப்படித்தான் ஏந்துவான். நிதானம் என்றால் அப்படி ஒரு நிதானம். விமானம் உனக்காகக் காத்திருக்குமா என்று கத்த வேண்டும்போல இருந்தது அவளுக்கு.

பிறகு வாய் இறுகக் கட்டிய ஐஸ் பையைக் கையில் எடுத்தான். எடுத்தவன் அப்படியே நின்றான். டோர்கஸ் பாயை விட்டுப் பாதி எழுந்துவிட்டாள். அவன் பழைய செய்தித்தாளை எடுத்து, பையைத் தடிமனாகச் சுற்றி, ஓரமாகச் செருகினான். அவள் உட்கார்ந்தாள்.

கடைசி இரண்டு பெட்டிக்கு மரச்சுருள் தீர்ந்துபோயிற்று. ஏனோக் வெறும் மூட்டையை உதறிப் பார்த்தான், வெளியே நடந்தான். ஓடிவிட்டான் என்றே நினைத்தாள். திரும்பி வந்தபோது அவன் தோளில் கிழங்கு கட்டும் சணல் சாக்குகள், கடல் தண்ணீரில் அலசியவை. சொட்டு விழாத வரை பிழிந்தான், கிழித்து விரித்தான், சிங்கிகளைப் படுக்க வைத்து மேலேயும் போர்த்தினான். அது அப்பா சொல்லிக்கொடுத்த வித்தை இல்லை. டோர்கஸுக்கும் தோன்றியிருக்காது.

பெட்டிகளைச் சுமந்துகொண்டு மதிய விமானம் வீட்டுக்கு மேலே ஏறிப் போனது. அதன் சத்தம் அடங்கிய பிறகுதான் அவள் அப்பாவுக்காக அழுதாள், அடக்க ஆளில்லாமல்.

பொழுது சாயும்போது போன் வந்தது. எடுக்கலாமா கூடாதா என்று டோர்கஸ் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அத்தை எட்டி எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி வைத்தாள். கெய்ன்ஸ் வியாபாரிக்குச் செய்தி தெரியாது.

"பெட்டியைத் தொறந்தா வாலை அடிக்குது பாருங்க, என் சட்டையெல்லாம் தண்ணி. ஒண்ணுகூடச் சாகல. சைலஸ்கிட்ட குடுங்க, நான் பேசணும்."

டோர்கஸ்தான் சொன்னாள். "அப்பா இன்னிக்கிக் காலையில தவறிட்டாரு."

வியாபாரி குரலைத் தாழ்த்தினார்.

"அப்போ இதையெல்லாம் அடுக்குனது யாரு?"

அத்தை போன் பக்கம் குனிந்தாள். "எங்க வீட்டு மருமவன்."

அடுத்த வாரமும் அனுப்பச் சொன்னார் அவர். பெட்டியில் அதே பெயர் இருக்கட்டும் என்றார்.

டோர்கஸ் எழுந்து முற்றத்துக்குப் போனாள். அத்தை தடுக்கவில்லை. தென்னைகளுக்கு அப்பால் கல்லறைத் தோட்டத்தில் ஏனோக்கும் அத்தை மகள்களைக் கட்டியவர்களும் குழி வெட்டிக்கொண்டிருந்தார்கள். மண்வெட்டிகளின் சத்தம் வந்துகொண்டிருந்தது. அவள் இரண்டு கையையும் வாயருகே குவித்தாள்.

"ஏனோக்! அத்தனையும் உசுரோட போயிருச்சு!"

மண்வெட்டிகள் நின்றன. பிறகு அங்கிருந்து ஆண்களின் ஆரவாரம் எழுந்து தென்னைகளைத் தாண்டி வந்தது. அது ஓய்ந்ததும் மண்வெட்டிச் சத்தம் மறுபடி தொடங்கியது, முன்னைவிட வேகமாக.