அரை அடி முன்னால்

எழுபதுகளின் பாட்டு எதையாவது ரேடியோவில் போட்டால், பத்துக்கு ஒன்றில் நான் இருப்பேன். இசைத்தட்டின் அட்டையில் என் பெயரைத் தேடாதீர்கள், இருக்காது. பாடகர் முன்னால் நின்று போகாதே, போகாதே என்று கதறுவார். பின்னாலிருந்து மூன்று பெண்கள் அதையே இன்னும் அழகாகச் சொல்வார்கள். அந்த மூவரில் சின்னக் குரல்காரி நான். பெயர் எர்லீன்.

மற்ற இருவர் வெர்னிட்டாவும் ஒடெஸாவும். லாஸ் ஏஞ்சலிஸின் தெற்குப் பக்கத்தில் ஒரே சர்ச்சில், அதன் பாட்டுக் குழுவான ஒரே கொயரில் வளர்ந்தவர்கள் நாங்கள். கொயரை நடத்திய சிஸ்டர் ஹேட்டிக்குக் காது கத்தி மாதிரி. யாராவது சுருதி தப்பினால் பாட்டை நிறுத்தி, "யாரது?" என்பாள். ஒப்புக்கொண்டவள் கொயர் அங்கியைக் கழற்றிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டும். அதனால் நாங்கள் மூவரும் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். யார் தப்பினாலும் மூவரும் சேர்ந்து "நான்தான்" என்று சொல்வது. மூன்று பேரையும் அனுப்பிவிட்டால் அவள் யாரை வைத்துப் பாடுவாள்?

இந்த ஏற்பாடு ஸ்டூடியோக்களுக்கும் எங்களோடு வந்தது. காலையில் ஒரு ஸோல் பாடகர், மதியம் தலைமுடி வளர்த்த ஒரு ராக் கூட்டம், சாயந்தரம் ஏதாவது சோப்பு விளம்பரம். ராக் பையன்கள் எங்கள் கறுப்பர் சர்ச்சின் ஒலி தங்கள் பாட்டில் கேட்க வேண்டும் என்பார்கள், ஆனால் சர்ச்சுக்கு மட்டும் வர மாட்டார்கள். ஒலிப்பதிவு அறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு எங்கள் குரல்களைப் பிரித்துச் சொல்லவே முடியாது. ஒன்றின் முனையை ஒன்று தேய்த்து, மூன்றையும் ஒரே குரலாக்கி வைத்திருந்தோம். பின்னால் பாடுகிறவளின் தொழிலே அதுதான், தான் தனியாகக் கேட்காமல் பார்த்துக்கொள்வது.

மூவருக்கும் ஒரே மைக். யார் எவ்வளவு கேட்க வேண்டும் என்பதைத் தரையில் அவரவர் நிற்கும் இடத்தில் ஒட்டிய டேப் துண்டுகள் தீர்மானிக்கும். சின்னக் குரல் என்பதால் மைக்குக்குப் பக்கத்தில் நான். அடுத்து ஒடெஸா. எல்லோருக்கும் பின்னால், நான்கு அடி தள்ளி, வெர்னிட்டா. அவள் அங்கே நின்று மெதுவாகப் பாடினாலே ஒலி மீட்டரின் முள் துள்ளும். கடவுள் எங்கள் இருவருக்கும் சேர்த்து அவளுக்கே கொடுத்துவிட்டார் என்று ஒடெஸா சொல்லிச் சிரிப்பாள். நானும் சிரிப்பேன், ஆனால் எனக்கு அது சிரிப்பாக இருந்ததில்லை.

1970, அக்டோபரில் ஒரு மதியம். தயாரிப்பாளர் ஹோல்ட்மன் சாண்ட்விச்சைக் கடித்துக்கொண்டே சொன்னார்: "பொண்ணுங்களா, என்கிட்ட ஒரு பாட்டு இருக்கு. உங்கள்ல ஒருத்தி அதை முன்னால நின்னு பாடணும். இந்த வேலை முடியறதுக்குள்ள யாருன்னு முடிவு பண்றேன்."

யார் என்பதில் யாருக்குமே சந்தேகம் இல்லை. "வெர்னிட்டா, பேர் வந்தப்புறம் எங்களைத் தெரியாதுன்னு சொல்லிடாதடி" என்றாள் ஒடெஸா. "உன்னைத் தெரியும். இவளைத்தான் யோசிக்கணும்" என்று என் கன்னத்தைக் கிள்ளினாள் வெர்னிட்டா.

பாடத் தொடங்கினோம். அவர்கள் இருவரும் கண்ணை மூடிக்கொண்டுதான் பாடுவார்கள். நான் மட்டும் திறந்து வைத்திருப்பேன். என் காலுக்குக் கீழே டேப்பைப் பார்த்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹோல்ட்மன் மீட்டரைப் பார்த்துக் குனிந்திருந்தார். ஹோல்ட்மன் என்னையும் ஒருமுறை கேட்கட்டுமே என்று தோன்றியது. அரை அடி முன்னால் போனேன். அவ்வளவுதான் செய்தேன்.

பாட்டு பாதியில் நின்றது. ஒலிபெருக்கியில் ஹோல்ட்மனின் குரல் வந்தது: "ஒரு குரல் துருத்திக்கிட்டு இருக்கு. யாரது?"

அந்த இருவரும் கண்ணைத் திறப்பதற்குள் என் கால் டேப்புக்குத் திரும்பிவிட்டது.

"நான்தான்" என்றாள் ஒடெஸா.

"நான்தான்" என்றாள் வெர்னிட்டா.

நான் வாயைத் திறக்கவில்லை. மறந்துவிட்டது என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மறக்கவில்லை. சொன்னால் அந்தப் பாட்டு போய்விடும் என்று பயந்தேன். பதினைந்து வருடமாகத் தும்மல் மாதிரி தானாக வந்த ஒரு சொல்லை, அன்றைக்குத்தான் பல்லைக் கடித்து விழுங்கினேன்.

ஹோல்ட்மன் சிரித்தார். "எப்பவும் மூணு 'நான்தான்' வரும். இன்னிக்கு ரெண்டுதான் வந்திருக்கு. அப்போ எர்லீன் இல்ல. வெர்னிட்டா, உன் குரல்தான் பெரிசு. கொஞ்சம் வெளிய போய்க் காத்து வாங்கிட்டு வாம்மா. இவங்க ரெண்டு பேரையும் கேட்டுப் பாக்கறேன்."

அவள் போனாள். என் டேப்பில் ஒழுங்காக நின்று நானும் ஒடெஸாவும் பாடினோம். எதுவும் துருத்தவில்லை. எப்படித் துருத்தும்? "பாத்தீங்களா!" என்றார் ஹோல்ட்மன், திருடனைப் பிடித்துவிட்டவர் மாதிரி. 'நான்தான்' என்று சொல்லாதவள் நான் ஒருத்திதானே, அந்தப் பாட்டையும் எனக்கே கொடுத்தார்.

மூன்று மணி நேரம் பாடினேன். ஒடெஸா பஸ்ஸில் போய்விட்டாள். நான் வெளியே வந்தபோது வெர்னிட்டா தன் காரிலேயே உட்கார்ந்திருந்தாள். என் வீடு அவள் போகும் வழி, அதனால் எனக்காகக் காத்திருந்தாளாம். மடியில் பொரித்த கோழிப் பொட்டலம். கால் துண்டு எனக்குப் பிடிக்கும் என்று தொடாமல் வைத்திருந்தாள்.

"எப்படி இருந்துச்சு? பாடிக் காட்டுடி" என்றாள்.

"வேணாம் வெர்னிட்டா."

"சும்மா வெக்கப்படாத. பாடு."

பாடினேன். இரண்டாவது அடியிலேயே அவள் கீழ்க்குரலில் சேர்ந்துகொண்டாள். அவளுக்கு வந்திருக்க வேண்டிய பாட்டு. அதற்கு அவளே எனக்குப் பின்னால் பாடிக்கொண்டு கார் ஓட்டினாள். ஒரு சிக்னலில் நின்றபோது சொன்னாள்: "என்னாலதான் இன்னிக்கு வேலை கெட்டுச்சு. அடக்கித்தான் பாடறேன்னு நெனச்சுட்டு இருந்தேன். எனக்கே தெரியாம துருத்தியிருக்கு, பாரேன்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கோழி வாயில் இருந்தது என்று சாக்குச் சொல்லவா?

அந்தப் பாட்டு வெளியே வந்தது, ஏழெட்டு வாரம் நாலைந்து ஊர் ரேடியோக்களில் ஓடியது, செத்துப் போனது. முன்னால் நிற்க என் குரல் போதவில்லை என்று ஊருக்கே தெரிந்தது. நான் திரும்ப மைக்குக்குப் பக்கத்து டேப்புக்கு வந்துவிட்டேன். வெர்னிட்டா திரும்பவில்லை. எந்த ஸ்டூடியோவிலும் தன் டேப்புக்கு ஓர் அடி பின்னால்தான் நின்றாள். ஒலிப்பதிவுக்காரர்கள் முன்னால் வரச் சொன்னால், "வேணாங்க, என் குரல் துருத்தும்" என்பாள். இரண்டு பேர் தனிப்பாட்டுக்கு அவளைக் கேட்டார்கள். அவள்தான் மறுத்துவிட்டாள்.

ஒடெஸா போன மாதம் இறந்தாள். அடக்க ஆராதனையில் நாங்கள் இருவரும் பாட வேண்டும் என்று குடும்பம் கேட்டது. வெர்னிட்டாவின் மகள் ரொஸெட்டாதான் எங்களைக் காரில் சர்ச்சுக்குக் கூட்டி வந்தாள். ஐம்பது வயது, தபால் அலுவலக வேலை. வழியெல்லாம் ஒரு வார்த்தை அதிகம் பேசவில்லை.

அங்கிகள் மாட்டியிருக்கும் அறையில் வைத்து ஒருமுறை பாடிப் பார்த்தோம். எழுபத்தெட்டு வயதில், மைக் இல்லாத அறையில், வெர்னிட்டா எனக்கு ஓர் அடி பின்னால் போய் நின்றாள். அதைப் பார்த்ததும் என்னால் தாங்க முடியவில்லை.

"வெர்னிட்டா, அன்னிக்கு ஹோல்ட்மன்கிட்ட துருத்தினது நான்தான். டேப்பை விட்டு முன்னால போனேன். நீங்க கண்ணைத் தொறக்கறதுக்குள்ள பின்னால வந்துட்டேன். வாயையும் மூடிக்கிட்டேன்."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் பக்கத்து நாற்காலியைப் பிடித்து மெதுவாக உட்கார்ந்தாள்.

"அப்போ என் குரல்ல ஒண்ணும் இல்லையா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு எர்லீன். ஒண்ணுமே இல்லையா?"

"ஒண்ணுமே இல்ல. எப்பவுமே இருந்ததில்ல."

தலையை ஆட்டினாள். கோபம் வரவில்லை. அதைவிட மோசமான ஏதோ ஒன்று அவள் முகத்தில் வந்தது.

"ரொஸெட்டாவுக்கு என் தொண்டை" என்றாள். "பதினாறு வயசுல வந்து கேட்டா, அம்மா நானும் பாடப் போகட்டுமான்னு. வேணாம்னேன். நம்ம குரல் துருத்தற குரல், கூட நிக்கறவங்களுக்கும் கெட்ட பேர் வாங்கித் தரும்னேன். கொயருக்குக்கூட விடல. அழுதா. அப்புறம் கேக்கறதையே விட்டுட்டா."

மன்னித்துவிடு என்ற சொல் வாய் வரை வந்தது. அந்தச் சொல்லை வைத்து அவள் என்ன செய்வாள் என்று வெட்கமாக இருந்தது. சொல்லவில்லை.

கதவைத் தட்டி எங்களைக் கூப்பிட்டார்கள். வெர்னிட்டா எழுந்து அங்கியைச் சரிசெய்துகொண்டாள். "வா, ஒடெஸா காத்துக்கிட்டிருக்கா" என்றாள்.

பாடினாள். என் பக்கத்தில் வந்து நின்று, எதையும் அடக்காமல் பாடினாள். நான் ஏதோ முனகினேன், யாருக்கும் கேட்டிருக்காது. இரண்டாவது அடிக்கே சர்ச் முழுக்க எழுந்து நின்றது. கை தட்டினார்கள், அழுதார்கள், கூடவே பாடினார்கள். மூன்றாவது வரிசையில் ரொஸெட்டாவும் எழுந்து நின்றாள். கையில் பாட்டுப் புத்தகம் திறந்திருந்தது. அத்தனை பேரிலும் அவள் ஒருத்திதான் உதட்டை இறுக மூடிக்கொண்டு நின்றாள்.