இரண்டு குழாய் வைத்த கூஜா

கோவிலம்பாக்கத்தில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்புக்குப் போய்ச் சுந்தரராமன் வீடு எது என்று கேட்டால் வாட்ச்மேனுக்கே தெரியாது. ‘அதுவந்து மாமா’ வீடு என்று கேட்டுப் பாருங்கள், கீழே விளையாடுகிற குழந்தைகள் அத்தனையும் மூன்றாவது மாடியைக் கைகாட்டும்.

பெயர் வந்த கதை சின்னது. போன வருஷம் குடியிருப்பின் ஆண்டு விழா நாடகத்தில் அவருக்கு டாக்டர் வேஷம். மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு, “ஆபரேஷன் நல்லபடியா முடிஞ்சுது” என்று சொல்ல வேண்டும். வசனம் அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றினார். எதிரே கூட்டம் கலங்கலாகத் தெரிந்தது. வசனம் போன இடம் தெரியவில்லை. “அது வந்து...” என்றார். மறுபடியும் “அது வந்து...” என்றார். நோயாளியின் மனைவியாக நடித்த பெண்மணி, புருஷன் செத்துவிட்டான் என்று தானே முடிவுகட்டி ஓவென்று அழ ஆரம்பித்துவிட்டாள். அதற்கப்புறம் நாடகம் வேறு கதையாகப் போயிற்று.

ஆயுள் முழுக்க இன்ஷூரன்ஸ் ஆபீசில் ‘சார்’ என்று கூப்பிடப்பட்ட மனுஷர். இப்போது பால் பாக்கெட் போடுகிறவன்கூட அடுத்தவனிடம் “அதுவந்து வீட்டுக்கு ரெண்டு பாக்கெட்” என்கிறான். அது அவரை உள்ளுக்குள் அறுத்தது. இந்தப் பெயரைத் தொலைக்க வேண்டும், அதுவும் அதே மேடையில் தொலைக்க வேண்டும் என்பதுதான் இந்த வருஷம் அவருடைய ஒரே வைராக்கியம்.

நாடகத்தை எழுதி, இயக்கி, கதாநாயகனாகவும் நடிப்பவர் இரண்டாவது பிளாக் ராகவேந்திரா. பேங்க் மேனேஜர். இந்தத் தடவை நொடித்துப்போன ஜமீன்தார் கதை. சுந்தரராமன் போய்க் கேட்டதும் யோசித்து ஒரு வேஷம் கொடுத்தார், ஜமீன்தாருடைய அப்பா.

“சார், உங்களுக்கு டயலாக்கே கிடையாது. கட்டில்ல உக்காந்து ஹூக்கா பிடிக்கறீங்க. வாயில பைப் இருந்தா ‘அது வந்து’ வராது பாருங்க.”

எல்லாரும் சிரித்தார்கள். சுந்தரராமனும் சிரித்துவைத்தார். வீட்டுக்கு வந்ததும் சோறு இறங்கவில்லை.

“வசனம் இல்லேன்னா போறது,” என்றாள் மனைவி திரிபுரசுந்தரி. “பேசாம உக்காந்துட்டு வாங்கோ.”

“பேசாம உக்கார மாட்டேன். ஹூக்கா பேசும். கடைசி வரிசை வரைக்கும் குடுகுடுன்னு கேக்கணும். நெஜ ஹூக்கா பண்ணப் போறேன்.”

பீடி, சிகரெட்டு என்று எதையும் தொட்டறியாத மனுஷர் இப்படிச் சொன்னதும் அவள் ரசத்தில் பெருங்காயம் போட மறந்துபோனாள்.

ஹூக்கா என்பது பார்க்கத்தான் அரண்மனைச் சமாசாரம். பிரித்துப் பார்த்தால் கொஞ்சம் தண்ணீர், இரண்டு குழாய், மீதி எல்லாம் காற்று. உச்சியில் அடித்துளை போட்ட ஒரு மண் கிண்ணம். அதில் மூலிகை, மேலே கனல். கிண்ணத்திலிருந்து ஒரு குழாய் நேராக இறங்கித் தண்ணீருக்குள் முங்கியிருக்கும். வாய் வைத்து இழுக்கிற குழாய் மட்டும் தண்ணீரைத் தொடவே கூடாது, தண்ணீருக்கு மேலே காலியாக இருக்கிற இடத்தில் நிற்க வேண்டும். இழுத்தால் அந்த இடத்துக் காற்று குறையும். குறைந்ததை நிரப்ப வெளிக்காற்று உள்ளே வரப் பார்க்கும். அதற்கு இருக்கிற ஒரே வழி கனலைத் தாண்டி, மூலிகையைத் தாண்டி, தண்ணீரில் முங்கி எழுந்து வருவதுதான். அப்படி முங்கி எழும்போது புகையின் சூடு தணியும், குமிழி வெடிக்கும், குடுகுடு என்று சத்தம் கேட்கும்.

இதையெல்லாம் யூடியூபில் கரைத்துக் குடித்த சுந்தரராமன், செய்யும்போது சரியாகத் தலைகீழாகச் செய்தார். கல்யாணச் சீரில் வந்த பித்தளைக் கூஜாவை, ஓட்டை போட மாட்டேன் என்று சத்தியம் செய்து மனைவியிடமிருந்து வாங்கினார். ஏசி மெக்கானிக்கிடமிருந்து ஒரு துண்டுச் செப்புக் குழாய் வந்தது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கிற ட்யூபில் இரண்டு முழம் வந்தது. கனல் வைக்க, அடியில் துளை போட்ட ஒரு மண் கிண்ணமும் வந்தது. ட்யூபைத் தண்ணீருக்குள் விட்டு, செப்புக் குழாயை மேலே நிறுத்தி, ஒரு இழுப்பு இழுத்தார். வாய் நிறையத் தண்ணீர் வந்தது.

“ஏன்னா, இதுக்குப் பேர் ஹூக்கா இல்லே, ஸ்ட்ரா,” என்றாள் திரிபுரசுந்தரி.

குழாய்களை மாற்றிப் போட்டார். தண்ணீர் வரவில்லை, சத்தமும் வரவில்லை. கூஜாவின் கழுத்தைத் துணியால் அடைத்திருந்தார். காற்றுக்குத் துணி ஒரு பொருட்டா? அந்த வழியாகவே சுகமாக வந்து போயிற்று. கடைசியில் திரிபுரசுந்தரியே சப்பாத்தி மாவை எடுத்துக்கொண்டு வந்து, கொழுக்கட்டைக்கு வாய் மூடுகிற மாதிரி சுற்றிலும் அமுக்கி அடைத்தாள். அப்போதுதான் கூஜா முதல்முறையாக வாயைத் திறந்தது.

அந்தச் சத்தத்தைக் கேட்டு இரண்டு பேரும் சிரித்த மாதிரி கல்யாணமான புதிதில்கூடச் சிரித்ததில்லை. சுந்தரராமன் குழாயை வாயில் வைத்துக்கொண்டே சிரித்ததில் உள்ளே காற்று போய், தண்ணீர் செப்புக் குழாய் வழியாக எகிறி, கனலை அணைத்துக் கூடத்துச் சுவரில் கோலம் போட்டது. இழுக்கலாம், ஊதக் கூடாது என்ற பாடம் அப்படி வந்தது.

ஒத்திகையில் ராகவேந்திரா, தனக்கும் ஒரு குழாய் வேண்டும் என்றார், அப்பாவும் பிள்ளையும் சேர்ந்து பிடித்தால் நன்றாக இருக்குமாம். இரண்டாவது ட்யூபையும் கூஜாவின் கழுத்தில் சொருகி மாவு வைத்து அடைத்ததும் சத்தம் மறுபடி நின்றுபோனது. மாவு இறுகித்தான் இருந்தது. அரைமணி நேரம் தலையைப் பிய்த்துக்கொண்ட பிறகுதான் புதுக் குழாயின் மறுமுனை திறந்து கிடப்பது சுந்தரராமன் கண்ணில் பட்டது. சும்மா வர ஒரு வாசல் இருக்கும்போது காற்று எதற்கு நெருப்பில் புகுந்து தண்ணீரில் முங்க வேண்டும்? ஒருவர் இழுக்கும்போது இன்னொருவர் தன் குழாயைக் கட்டைவிரலால் அடைக்க வேண்டும்.

அடுத்த வேடிக்கை அன்று சாயங்காலம் நடந்தது. திரிபுரசுந்தரி கிண்ணத்தில் சாம்பலைத் தட்டிக்கொண்டிருந்தாள். ஒரு குழாயின் முனை அவள் தோளில் கிடந்தது. சுந்தரராமன் தன் முனையை வாயருகே வைத்துக்கொண்டு தனக்குள் முணுமுணுத்தார், “இன்னிக்கும் கீரைதானா?”

“கீரைன்னா அவ்வளவு இளப்பமா?” என்று அவள் திரும்பினாள்.

அவர் விதிர்விதிர்த்துப் போனார். பக்கத்தில் நிற்பவருக்கே கேட்காத குரல். இரண்டு குழாயும் கூஜாவுக்குள் தண்ணீருக்கு மேலே ஒரே காலி இடத்தில்தானே திறக்கின்றன? ஒன்றில் முணுமுணுத்தால் மற்றதில், டாக்டர் காதில் மாட்டுகிற ஸ்டெதாஸ்கோப் மாதிரி, கணீரென்று கேட்டது. அன்று இரண்டு பேரும் நாத்தனார் முதல் லிஃப்ட் வரைக்கும் சகலத்தையும் கூஜா வழியாகவே பேசித் தீர்த்தார்கள்.

புகையிலை கூடவே கூடாது என்று குடியிருப்போர் சங்கச் செயலாளர் பிரசன்னா சொல்லியிருந்தார். அதனால் காய்ந்த துளசி, ரோஜா இதழ், துளி ஓமம். அதற்கும் திரிபுரசுந்தரி ஒரு சட்டம் போட்டாள்.

“மூலிகைன்னாலும் புகை புகைதான். தண்ணியில குளிச்சுட்டு வந்தா புண்ணியமாயிடுமா? கன்னத்துல அடக்கி வெளில விட்டுடுங்கோ. நெஞ்சுக்குள்ள போச்சுன்னா கூஜாவைப் பிடுங்கிண்டு வந்துடுவேன்.”

விழா நாள் வந்தது. மைக்செட் போட பம்மலிலிருந்து வந்திருந்த சின்னப்பன் கூஜாவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

“இன்னா சார், சூப்பரா கீது! மைக்கு இங்க கூஜா பக்கத்துலயே வெச்சுர்றேன். ஆனா ஒண்ணு, இங்க குந்திகினு குசுகுசுன்னு பேசிடாதீங்க. மேடவாக்கம் வரிக்கும் கேக்கும்.”

திரை விலகியது. சுந்தரராமன் கண்ணாடியைக் கழற்றவில்லை. தலைப்பாகையோடு கட்டிலில் சாய்ந்து, இன்னொரு குழாயைக் கட்டைவிரலால் அடைத்துக்கொண்டு முதல் இழுப்பு இழுத்தார். குடுகுடுவென்று சத்தம் அரங்கம் முழுக்க உருண்டு போயிற்று. கன்னத்தில் அடக்கிய புகையை மெல்ல விட்டபோது கூட்டம் கைதட்டியது. யாரும் ‘அது வந்து’ என்று கத்தவில்லை. பெயர் தொலைந்தது என்று நினைத்துக்கொண்டார்.

நாடகத்தின் உயிரே ராகவேந்திராவின் நீண்ட வசனம்தான். பக்கத்தில் உட்கார்ந்து தன் குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு கம்பீரமாக ஆரம்பித்தார்.

“எங்க கொள்ளுத் தாத்தா ஆனை மேல போய் வரி வாங்கினார். எங்க தாத்தா...”

நின்றார். நெற்றியில் வியர்வை துளிர்த்தது.

“எங்க தாத்தா... அது... அது வந்து...”

பின்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

உண்மையைச் சொன்னால் சுந்தரராமனுக்கு அப்போது இனித்தது. நன்றாகவே இனித்தது. பேசாமல் இருந்தால் போதும், நாளைக் காலையில் பெயர் இரண்டாவது பிளாக்குக்குக் குடிபோய்விடும். ஆனால் பக்கத்தில் திரும்பிப் பார்த்தார். ராகவேந்திராவின் உதடு உலர்ந்து, கண் எங்கேயும் நிற்காமல் அலைந்துகொண்டிருந்தது. அந்த இடம் சுந்தரராமனுக்குத் தெரியும். போன வருஷம் அவர் தனியாக நின்ற இடம் அது. எதிரிக்குக்கூட வேண்டாம் என்று தோன்றிவிட்டது.

வசனம் அவருக்கு மனப்பாடம். ஒத்திகை முழுக்க வாயை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டேதானே இருந்தார்? ஆனால் மெல்லச் சொன்னாலும் மைக் பிடித்துக்கொள்ளும். அவர் நிதானமாகக் கையை நீட்டி, ராகவேந்திரா கையிலிருந்த குழாயை வாங்கி, பிள்ளைக்கு மாலை போடுகிற அப்பாவைப் போல அவர் தோளில் போட்டார். முனை சரியாகக் காதோரம் நின்றது. பிறகு தன் குழாயை வாயில் வைத்து, ஊதாமல், உதட்டளவில் சொன்னார்.

“எங்க தாத்தா குதிரை மேல போனார்.”

ராகவேந்திரா திடுக்கிட்டார். கூஜாவைப் பார்த்தார். பிறகு குரல் வந்தது.

“எங்க தாத்தா குதிரை மேல போனார்!”

“எங்கப்பா பல்லக்குல போனார்.”

“எங்கப்பா பல்லக்குல போனார்!”

“நான் ஷேர் ஆட்டோவுல கம்பியைப் பிடிச்சுண்டு போறேன்.”

அதைச் சொன்னபோது கூட்டம் எழுந்து சிரித்தது. சிரிப்பு அடங்குவதற்குள் சுந்தரராமன் குழாயைத் திருப்பி அவர் கையில் கொடுத்து, கட்டைவிரலை அதன் வாயில் அமுக்கிவிட்டு, ஒரு பலத்த இழுப்பு இழுத்தார். மகனை மெச்சுகிற கிழவரின் உறுமலாக அது கேட்டது. மறுபடியும் கைதட்டல்.

திரை விழுந்ததும் ராகவேந்திரா அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏன் சார்? நான் உங்களை எவ்வளவு கேலி பண்ணியிருக்கேன்...”

“அந்தப் பேர் காலனிக்கு ஒண்ணு போறும் சார்.”

மறுநாள் காலை காய் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, ஸ்கூல் வேனுக்குக் காத்திருந்த குழந்தைகள் அவரைப் பார்த்து ஒரே குரலில் கத்தின, “குடுகுடு மாமா!”

மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறினார். லிஃப்ட் வேலை செய்துகொண்டுதான் இருந்தது. வீட்டில் திரிபுரசுந்தரி கூஜாவைத் தேய்க்கப் புளியோடு உட்கார்ந்திருந்தாள். குழாய்களை இன்னும் பிடுங்கவில்லை.

“கேட்டியா? பேர் மாறிடுத்து!”

அவள் ஒரு முனையை அவரிடம் நீட்டினாள். “காதுல வெச்சுக்கோங்கோ.”

வைத்துக்கொண்டார். அவள் மறுமுனையை வாயருகே கொண்டுபோனாள்.

“மூணாவது வரிசையில உக்காந்திருந்தேன். குழாய் அவர் தோளுக்குப் போனதைப் பாத்தேன். வேற யாருக்கும் தெரியலை. எனக்குத் தெரிஞ்சுது. இத்தனை வருஷத்துல நான் சொன்னதில்லை, இப்ப சொல்றேன். உங்களைக் கட்டிண்டதுல எனக்கு ரொம்பப் பெருமைன்னா.”

சொல்லிவிட்டுத் தன் முனையைக் காதில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

சுந்தரராமன் குழாயை வாய்க்குக் கொண்டுவந்தார். சொல்ல எவ்வளவோ இருந்தது. கண் கலங்கி எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது.

“அது வந்து...” என்றார்.