மெஷின் மேல் விழுந்த கல்

விண்கற்கள் விழுந்த மறுநாள் ஊரில் உடையாத ஜன்னலைத் தேட வேண்டியிருந்தது. கண்ணாடிக் கடைக்காரனான எனக்கு மூச்சுவிட நேரமில்லை. ஆனாலும் முதலில் சகலை வீட்டுக்குப் போனேன். போகாவிட்டால் பேச்சு வரும்.

வாசலெல்லாம் செருப்பு. உள்ளே சகலை கூரை ஷீட்டில் விழுந்த ஓட்டையைக் காட்டிக்கொண்டிருந்தான். நேர் கீழே தையல் மெஷின் இரண்டாகப் பிளந்து கிடந்தது.

"நூல் தீர்ந்துபோச்சுன்னு இவ எந்திரிச்சா. அலமாரிகிட்ட போறதுக்குள்ள எறங்கிடுச்சு."

"கல்லுகிட்ட தப்பிச்சுட்டேன். இவர் கதைகிட்டதான் தப்பிக்க முடியல" என்றாள் கொழுந்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

அது என் மனைவியின் மெஷின். அவள் போனபின் தங்கைக்கு நான்தான் கொடுத்தேன். அதில் அடிநூல் சுற்றும் பாபின் பாதிக்கு மேல் நிறையாது. தைப்பவள் அடிக்கடி எழுந்தே ஆக வேண்டும். ரிப்பேருக்குக் கொடுக்கலாம் என்றால், "இப்படியாவது இடுப்பு நிமிரட்டும்" என்பாள் என் மனைவி.

"அக்காதான் அத்தான் என்னக் காப்பாத்துனா."

தலையாட்டினேன். காப்பாற்றியது சகலையின் பெண்டாட்டியை. என்னுடையவள் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குப் போய்த் திரும்பவில்லை. வந்தவர்களுக்குக் காட்ட எங்கள் வீட்டில் ஒரு ஓட்டைகூட இல்லை.

அவர்கள் வீட்டிலும் கண்ணாடி உடைந்திருந்தது. புதுக் கண்ணாடிக்கு ஜன்னலை மேலே, நடுவில், கீழே என்று அளந்து, குறைந்த அளவை எடுக்க வேண்டும். மேலே மட்டும் அளந்துவிட்டு டேப்பைச் சுருட்டினேன்.

"மெஷின நான் எடுத்துட்டுப் போறேன்."

சகலை முகம் மாறியது. "பாக்க வர்றவங்களுக்கு என்னத்தக் காட்டறது சகல? வேணும்னா கல்லுல ஒரு சில்லு தரேன்."

"கல்லு வேணாம்."

"அது அக்காவோடது" என்றாள் கொழுந்தி, அவனைப் பார்த்து. "ஒரு கை பிடிங்க."

முணுமுணுத்துக்கொண்டே பிடித்தான். கண்ணாடி ஏற்றும் வண்டியில் பழைய போர்வையை விரித்து, இரண்டு துண்டையும் வைத்துக் கயிறு கட்டினேன். அவன் உள்ளே போனதும் புருஷனும் பெண்டாட்டியும் ஆரம்பித்துவிட்டார்கள்.

"நாலு பேர் முன்னாடி என் மானத்த வாங்கிட்ட."

"இருந்தாத்தான வாங்குறதுக்கு?"

"அந்தக் கல்லு உன் தலைலயே விழுந்திருக்கணும்."

"விழுந்திருந்தா உங்களுக்கு எவ சோறு போடுவா?"

 பிறகு அவன் ஏதோ சொன்னான், அவள் சிரித்தாள். சரியாகக் கேட்கவில்லை.

இன்னும் கொஞ்சம் கேட்கலாம் என்று கட்டிய கயிற்றை அவிழ்த்தேன். மறுபடி முதலிலிருந்து கட்டத் தொடங்கினேன், மெதுவாக.