கால் எடுத்தவன்

நான் நட்டுவைத்த ஊசியிலைக் கிளைகளை ஹன்னு ஒவ்வொன்றாகப் பிடுங்கி அக்குளில் இடுக்கிக்கொண்டிருந்தான். காலையிலிருந்து அப்பாவின் டிராக்டரில் பனியைத் தள்ளி, உறைந்த ஏரியின்மேல் பந்தயப் பாதை போட்டிருந்தேன். படகுக் கொட்டகையிலிருந்து நேராகப் போய், ஓடை வந்து சேரும் நாணல் ஓரத்தை நெருங்கும் முன்பே இடதுபக்கம் திரும்பும் பாதை. அந்த வளைவைக் காட்டும் கிளைகளைத்தான் பிடுங்கிக்கொண்டிருந்தான்.

"நேர்ப் பாதை குட்டையா இருக்குடா நீலோ. இதுல என்னத்த வேகம் பழகறது?"

"அந்தப் பக்கம் ஓடை வருது. அடியில தண்ணி ஓடிக்கிட்டே இருக்கும். ஐஸ் மெலிசு."

ஹன்னு சிரித்தான். "ஒரு வாரமா இந்தக் குளிரு குளிருது, மெலிசாமே. நீ எப்பவுமே கால முன்னாடியே எடுக்கறவன்தானே!"

எங்கள் ஊரில் ஒரு விஷயத்தை ஒரு தடவைதான் சொல்வார்கள். கேட்டால் கேள், கேட்காவிட்டால் உன் பாடு. இரண்டாம் தடவை சொல்கிறவன் கெஞ்சுகிறவன். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ஹன்னு கீஸ்கினனுக்கு அறுபது வயதாகிறது. 'அவர்' என்று மரியாதையாகச் சொல்லலாம்தான், வாய் வரமாட்டேன் என்கிறது. தாம்பரே நகரத்தில் கார்க் கடை வைத்திருப்பவன். சிறுவர்கள் ஓட்டும் கார்ட் பந்தயங்களுக்குப் போய் வேகமான பிள்ளைகளைப் பொறுக்கியெடுத்து, பெரிய ஆளாக்குகிறேன் என்று தோளில் கை போடுவான். என் தோளில் அந்தக் கை ஏழு வருடம் இருந்தது. ஃபார்முலா நான்கில் இரண்டாவது வருடமே பட்டம் வாங்கிக் கொடுத்தேன். "அடுத்தது இவன்தான்" என்று பத்திரிகைக்காரர்களிடம் என் முதுகில் தட்டித் தட்டிச் சொன்னான். பிறகு இத்தாலி, பிறகு ஃபார்முலா மூன்று. ஒற்றை இருக்கை வண்டிகளில் இன்னும் ஒரு படி ஏறினால் உலகத்துக்கே பெயர் தெரிந்துவிடும் என்ற இடத்தில் மழை வந்தது.

முன்னால் போன வண்டிகள் வாரியடித்த தண்ணீரில் ஒன்றுமே தெரியவில்லை. வெள்ளைச் சுவர் ஒன்று என்னை நோக்கி வந்துகொண்டிருந்தது, அவ்வளவுதான். ஒரு கணம் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்தேன். பின்னால் வந்தவன் எடுக்கவில்லை. அவனுக்குப் பின்னால் வந்தவனும் எடுக்கவில்லை. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. எவனாவது ஒருவன் சுவரில் மோதியிருந்தால் நான் புத்திசாலி. ஒருவனும் மோதாததால் நான் பயந்தாங்கொள்ளி. மறுநாளே ஹன்னு கையை எடுத்துக்கொண்டான். ஊருக்கு வந்து மூன்று குளிர்காலமாக அடுத்தவர் வாசலில் பனி தள்ளிக்கொண்டிருக்கிறேன். புது ஆளுக்கு ஐஸில் பழக இடம் வேண்டும் என்று அவன் கேட்டது என்னிடம் அல்ல, அப்பாவிடம். அப்பா சரி என்றுவிட்டார். அவரும் ஒரு தடவைதான் சொல்வார்.

புது ஆளின் பெயர் பிஹ்லா. பதினைந்து வயது. ஐஸில் வழுக்காதபடி டயரில் ஆணி பதித்த பழைய வண்டியின் கதவில் சாய்ந்து, நான் கொண்டுவந்திருந்த ஏலக்காய் பன்னைத் தின்றுகொண்டிருந்தாள்.

"நீதானே அந்தக் கால் எடுத்தவன்?" என்றாள். "வீடியோ பாத்திருக்கேன். எங்க கிளப்புல அதப் போட்டுக் காட்டித்தான், இப்படிச் செய்யாதீங்கன்னு சொல்லித் தருவாங்க."

"பன் நல்லாருக்கா?"

"காஞ்சு கெடக்கு. கடையில வாங்குனதா?"

"எங்கம்மா செஞ்சது."

"அதான் பாத்தேன்," என்று மிச்சத்தைப் பனியில் எறிந்தாள்.

இவளை எனக்குப் பிடிக்கவில்லை. எழுதுவதற்காக மென்று விழுங்கி ஒன்றும் சொல்லப்போவதில்லை. அந்த வயதில் நானும் இப்படித்தான் இருந்தேன் என்பது இன்னும் எரிச்சலாக இருந்தது.

வளைவுக்கு அப்பால் காற்று பனியை வாரிக்கொண்டு போயிருந்ததால் ஹன்னுவுக்கு என் டிராக்டர் தேவைப்படவில்லை. ஐஸில் துளை போட நான் கொண்டுவந்திருந்த துளைக்கருவியைத் தூக்கிக்கொண்டு நாணல் ஓரம்வரை நடந்துபோய், துளை போட்டுக் கிளைகளை நட்டுவிட்டு, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு திரும்பி வந்தான்.

"பாருடா! என் தொந்தியவே தாங்குது. இந்தச் சின்ன வண்டியத் தாங்காதா?"

நான் காப்பியைக் குடித்தேன். வண்டி உன்னைப்போல் ஆடி அசைந்து போகாது, அந்த வேகத்துக்கு அடியில் தண்ணீரே அலையாக எழும்பி ஐஸை உடைக்கும் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. உள்ளதைச் சொல்கிறேன்: உடையட்டும் என்றுதான் நினைத்தேன். நீலோ சொன்னது சரிதான், அன்றைக்கும் சரியாகத்தான் இருந்திருப்பான் என்று ஒரே ஒரு தடவை ஊர் சொல்லட்டும். யாரும் சாக வேண்டாம். நனைந்தால் போதும்.

ஹன்னு அவளை உட்காரவைத்து, தோளிலும் இடுப்பிலும் பந்தயப் பெல்ட்டை முட்டிபோட்டு இழுத்து இறுக்கினான். ஏரியில் வண்டி ஓட்டும்போது நாங்கள் யாரும் பெல்ட் போடுவதில்லை. ஏன் என்று இங்கே சின்னக் குழந்தையும் சொல்லும்: வண்டி மூழ்கினால் அவிழ்க்க நேரமிருக்காது.

மறுகரை ஓரமிருந்து கிளம்பு, ஏரியைச் சுற்றி வந்து நேர்ப் பாதையைப் பிடி, நாணல் ஓரத்துக் கிளை வரும்வரை காலை எடுக்காதே என்றான். "எடுக்க மாட்டேன்" என்றாள், என்னைப் பார்த்து. வண்டி போயிற்று.

துளைக்கருவியை அவன் நாணல் ஓரத்திலேயே போட்டுவிட்டு வந்திருந்தான். அது அப்பாவுடையது. எடுக்கப் போனேன். அவன் நட்ட முதல் கிளையைச் சுற்றிப் பனித்தூள் கறுத்திருந்தது. கிளையை உருவினேன். துளையிலிருந்து தண்ணீர் குமிழியிட்டு மேலே வந்து என் பூட்ஸைச் சுற்றிப் பரவியது. நான் நட்ட இடங்களிலும் இதே ஆழம்தான் துளைத்தேன், ஒன்றிலும் ஒரு சொட்டு வரவில்லை. விரலை உள்ளே விட்டு அடிவிளிம்பைத் தொட்டேன். ஐஸின் கனம் என் விரல் நீளம்கூட இல்லை.

மறுகரையில் எஞ்சின் அலறியது.

அவள் மேல் பாசம் பொங்கி ஓடவில்லை. அந்தப் பெல்ட்தான் கண்முன்னால் நின்றது. நனைவதோடு முடியாது. கிளையைப் பிடித்தபடி நேர்ப் பாதைக்குள் ஓடி, என் பழைய வளைவு தொடங்கும் இடத்தில் போய் நின்றேன். இருபக்கமும் நான் தள்ளிய பனி இடுப்பளவு. நடுவே ஒரு வண்டி போகத்தான் இடம்.

"டேய், நகருடா! பைத்தியமாடா உனக்கு?" ஹன்னு கொட்டகைப் பக்கமிருந்து கத்தினான். "ஒரு பொண்ணு ஓட்டறதப் பாத்து வயிறு எரியுதாடா?"

"ஐஸ் மெலிசு!" என்று கத்தினேன்.

இரண்டாம் தடவை சொல்லிவிட்டேன். அவனுக்குக் கேட்டதா தெரியவில்லை.

வண்டி வளைந்து நேர்ப் பாதைக்குள் வந்தது. பின்னால் பனித்தூள் வெள்ளையாக எழுந்தது. கிளையை இரண்டு கையாலும் தலைக்குமேல் தூக்கினேன். கண்ணாடிக்குப் பின்னால் சிவப்புத் தலைக்கவசம் தெரிந்தது. அவள் என்னைப் பார்த்துவிட்டாள், அதில் சந்தேகமில்லை. பூட்ஸுக்கு அடியில் நான் காலையில் போட்ட துளை, காய்ந்துபோய்க் கிடந்தது. அதன்மேல் காலை அழுத்தி வைத்துக்கொண்டேன்.

எடு, என்றேன். எஞ்சின் சத்தம் இறங்குகிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அது இன்னும் ஏறிக்கொண்டுதான் இருந்தது.